பிலோமினா பெயரில் ஒரு பாலிசி

1. சர்வேயர் வந்த நாள்

சர்வேயர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். வெள்ளத்தில் மூழ்கிய காரின் சேதத்தைக் கணக்கிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய ஆள் அவர்.

மழை விட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. ராயபுரத்தில், சர்ச்சுக்குப் பின்னால் உள்ள தெருவில், சேவியர் அண்ணாவின் வெள்ளைக் கார் நின்றுகொண்டிருந்தது. சீட் மட்டத்துக்குச் சேற்றுக் கோடு. கதவைத் திறந்தால் சாக்கடை வாடை. அண்ணா ஹார்பரில் கிரேன் ஆபரேட்டர். காருக்கு இன்சூரன்ஸ் போட்டது எங்கள் டிரைவிங் ஸ்கூல் ஆபீஸில். அதனால் க்ளெய்ம் வேலைக்கு நானும் கூட வந்திருந்தேன்.

"பாலிசி பிலோமினாங்கிற பேர்ல இருக்கு. அவங்க கையெழுத்து வேணும், கூப்பிடுங்க" என்றார் சர்வேயர்.

அண்ணா கார் கூரைமேல் கையை வைத்தார். "எம் பொண்டாட்டி பூட்டா சார். ரெண்டு வருஷத்துக்கு மேல ஆவுது."

சர்வேயர் என் பக்கம் திரும்பினார். "ஆகஸ்ட்ல ரினியூவல் ஆயிருக்கே மேடம். இல்லாதவங்க பேர்ல யார் பண்ணது?"

பண்ணியது நான்தான். ஒரு முறை அல்ல, இரண்டு முறை.

2. என் கவுண்டர்

திருவொற்றியூர் ஹைரோட்டில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறேன். லைசென்ஸ் விண்ணப்பம், ஆர்சி மாற்றம், இன்சூரன்ஸ் ரினியூவல் எல்லாம் என் மேஜையில்தான். வாசலில் நாள் முழுக்க டிரெய்லர் லாரிகள் உறுமிக்கொண்டு போகும். அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி ஜனங்கள் கேள்வி கேட்பார்கள்.

"மேடம், எல்எல்ஆர் வச்சிக்கினு தனியா காரு ஓட்லாமா?" ஓட்டக்கூடாது, லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் உட்கார வேண்டும். முன்னும் பின்னும் சிவப்பில் 'எல்' ஒட்ட வேண்டும்.

"பைக் லைசென்ஸ் கீதே, அதுலயே காரும் ஓட்டிக்கலாம்ல?" முடியாது. அது வேறு கிளாஸ்; தனியாக டெஸ்ட் கொடுக்க வேண்டும்.

"தர்டு பார்ட்டி போட்டா போதுமா?" ரோட்டில் ஓட்டச் சட்டத்துக்கு அது போதும். ஆனால் உங்கள் வண்டிக்கு அடிபட்டால் அதில் எதுவும் கிடைக்காது.

இதையெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். சொல்லத் தெரிந்த எனக்குக் கேட்கத் தெரியவில்லை என்பதுதான் இந்தக் குறிப்பின் விஷயம்.

பிலோமினா அக்காவை எனக்கு நன்றாகத் தெரியும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் எங்கள் ஸ்கூலில்தான் கார் கற்றுக்கொண்டார். நர்ஸ் வேலை. காலை ஷிப்ட் முடித்து யூனிஃபார்ம் புடவையோடு நேராக வருவார். முதல் டெஸ்டிலேயே பாஸ். லைசென்ஸ் வந்த வாரம் இந்தக் காரை வாங்கிக்கொண்டு புருஷனை இடப்பக்க சீட்டில் உட்கார வைத்து ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"இன்னாண்ணா, நீங்க கத்துக்கலியா?" என்று கேட்டேன்.

"ஆர்பர்ல நாளெல்லாம் நாப்பது டன்னு பொட்டிய தூக்கி எறக்கறேன். சாய்ந்தரமாச்சும் யாராவது என்னை ஓட்டிகினு போட்டுமே" என்றார். அக்கா சிரித்துக்கொண்டே ஹாரன் அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரும் எண்ணூர் வரை போய்வருவார்களாம். கடலோரமாக நிறுத்தி, டீ வாங்கி, வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து குடிப்பார்களாம். வேறு எங்கும் போனதில்லை.

பிறகு ரினியூவலுக்கு அண்ணா மட்டும் வர ஆரம்பித்தார். எனக்கு எதுவும் தோன்றவில்லை. பழைய பாலிசியை நீட்டுவார். அவருக்குப் பின்னால் வரிசை, எனக்கு முன்னால் கம்ப்யூட்டர். நிமிர்ந்து பார்க்காமலே கேட்பேன்: "எல்லாம் போன வருஷம் மாதிரியேதானேண்ணா?"

"அதே மாதிரிதாம்மா" என்பார்.

பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் முதல் பக்கத்தை நின்றபடியே கொஞ்ச நேரம் படிப்பார். மற்றவர்கள் தொகையைப் பார்ப்பார்கள். இவர் மேலே இருக்கிற வரியைப் பார்ப்பார். "அக்கா எப்படி இருக்காங்க?" என்று ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

3. க்ளெய்ம் தள்ளுபடி

சர்வேயர் போன பிறகு எனக்கு அழுகையாக வந்தது. சட்டம் தெளிவு. வண்டியின் சொந்தக்காரர் இறந்தால் முப்பது நாளுக்குள் ஆர்டிஓ ஆபீஸில் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். பாலிசியும் அவ்வளவு நாள்தான் தாங்கும். அதன்பின் இறந்தவர் பெயரில் ரினியூ செய்தது வெறும் காகிதம். க்ளெய்மில் ஒரு பைசா வராது.

"எம்மேலதாண்ணா தப்பு. நான் கேட்டிருக்கணும்" என்றேன்.

"கேட்டிருந்தா சொல்லிருப்பேம்மா. உங்கிட்ட பொய் சொல்லிருக்க மாட்டேன்." சேறு படிந்த டேஷ்போர்டைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே பேசினார். "ஆனா நீ கேக்கக்கூடாதுன்னுதான் வேண்டிக்கினு வருவேன்."

எனக்குப் புரியவில்லை.

"ரேஷன் கார்டுல பேர எட்த்துட்டாங்க. பேங்குல எட்த்துட்டாங்க. கேஸ் புக்கு எம்பேருக்கு வந்துட்ச்சு. வோட்டர் லிஸ்ட்லயும் இல்ல. வர்சத்துக்கு ஒரு வாட்டி, இதுல மட்டும்தாம்மா அவ பேரு புச்சா பிரிண்ட் ஆயி வருது. சூடா கொடுப்ப நீ. அத மடிச்சு பாக்கெட்ல வச்சிக்கினு டூட்டிக்குப் பூடுவேன்."

தினமும் சாயங்காலம் வந்து காரின் இடப்பக்க சீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாராம். ஸ்டார்ட் செய்யக்கூடத் தெரியாது. மாதம் ஒரு நாள் மெக்கானிக் வந்து இன்ஜினை ஓடவிட்டுப் போவான். இப்போது அந்த சீட் ஊறிப் போயிருந்தது.

"இது ஓடணும் செல்வி. எப்படியாச்சும் ஓடணும்" என்றார்.

4. ஃபார்ம் 31

வண்டியைச் சொந்தக் காசில் பழுது பார்க்கக் கொடுத்தார். நான் பேப்பர் வேலையை எடுத்துக்கொண்டேன். என் முதலாளி, "கஸ்டமர் கூடயே சுத்திகினு இருந்தா கவுண்டர யாரு பாக்கறது?" என்று சத்தம் போட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்க்கொள்கிறேன் என்றேன்.

இறப்புச் சான்றிதழ், தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ், பெங்களூரில் இருக்கும் மகள் ஜெனியின் சம்மதக் கடிதம், ஆர்சியை வாரிசு பெயருக்கு மாற்றும் ஃபார்ம் 31. எல்லாம் சேர ஒன்றரை மாதம் ஆனது. கையெழுத்துப் போடும் நாளில் அண்ணா பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். ஃபோனில் மகளைக் கூப்பிட்டேன்.

"போட்டுருப்பா. வண்டி வேணும்னா பேர விட்டுத்தான் ஆவணும்" என்று அந்தப் பெண் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே ஃபோனை வைத்தாள்.

கையெழுத்துப் போட்டார்.

புது ஆர்சி வந்ததும் புதுப் பாலிசிக்கு விவரம் அடித்தேன். நாமினி என்ற இடம் வந்தது. அண்ணா கவுண்டரில் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்: "நாமினில அவ பேரு போட முடியுமாமா?"

"உயிரோட இருக்கறவங்க பேருதாண்ணா போடணும்."

"தெர்யும். சும்மா கேட்டேன். ஜெனின்னு போட்டுக்க."

இருபத்தாறு வருடத்தில் கவுண்டரில் எத்தனையோ பேருக்கு 'முடியாது' என்று சொல்லியிருக்கிறேன். அன்றுதான் அந்த வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றது.

5. ஐம்பத்தேழு வயதில் எல்எல்ஆர்

அடுத்த வாரமே வந்து, "எனக்கும் கத்துக் குடுங்க" என்றார். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு டாக்டர் சர்டிஃபிகேட் வேண்டும். வாங்கி வந்தார். எல்எல்ஆர் எடுத்து முப்பது நாள் கழித்துத்தான் டெஸ்ட். எங்கள் இன்ஸ்ட்ரக்டர் கரீம் பாய் தினம் காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்.

"இன்னா சார், கிளட்ச்ச கன்டெய்னர் எறக்கற மாரி எறக்குறீங்க? பின்னால லாரிக்காரன் திட்டறான் பாருங்க" என்று பாய் கத்துவார். முதல் டெஸ்டில் ஏற்றத்தில் வண்டி நின்றுபோனது. ஃபெயில். இரண்டாவதில் பாஸ்.

லைசென்ஸ் வந்த பிறகு ஒரு திங்கட்கிழமை ஆபீஸுக்கு வந்தார். நேற்று எண்ணூர் போனேன் என்றார். சந்தோஷப்பட்டேன். அவர் முகத்தில் அது இல்லை.

"இத்தினி நாளும் பக்கத்துல அவ இல்லன்னு குந்திகினு இருந்தேம்மா. நேத்து ஸ்டியரிங்ல கைய வச்சப்பதான் உறைச்சுது. நான் அவ சீட்ல கீறேன். இப்ப என் சீட்டு காலியா கீது. ரெண்டு பேருமே இல்லாத மாரி ஆயிட்ச்சு."

டீ வரவழைத்தேன். குடித்துவிட்டு எழுந்தார். "ஓட்டறத வுட மாட்டேன். அவ ஒவ்வொரு பள்ளத்தயும் எப்டி ஒதுக்கினு போவான்னு இப்பதான் தெர்யுது" என்றார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுகிறார். சில வாரம் கரீம் பாயை இடப்பக்கம் ஏற்றிக்கொண்டு போவதாகக் கேள்வி.

6. நான் மாற்றிக்கொண்டது

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆர்சியில் இருக்கும் பெயரை வாய்விட்டுப் படியுங்கள். படித்துவிட்டு, அவர் எங்கே, எப்படி இருக்கிறார் என்று முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். சாஃப்ட்வேர் அதைக் கேட்காது.

போன மாதம் வியாசர்பாடியிலிருந்து ஒரு பெண் குட்டியானை லோடு வண்டிக்கு ரினியூவல் போட வந்தாள். பேப்பர்களைச் சரியாக அடுக்கி வைத்திருந்தாள். கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன்.

"முருகேசன்னு போட்டிருக்கும்மா. உனக்கு யாரு? நல்லா இருக்காரா?"

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். கண் நிறைந்துவிட்டது. நான் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

வரிசையில் இருந்த ஒருத்தர், "இன்னா மேடம், லேட்டாவுது" என்றார்.

"ஆவட்டும் சார்" என்றேன்.