அவர் காட்டிய கால்

என் கணவருக்கு நாற்பது தாண்டியதும் சர்க்கரை வந்தது. கொஞ்ச வருஷத்தில் பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. ஒரு நாள் பூட்ஸுக்குள் இரும்புச் சுருள் ஒன்று கிடந்திருக்கிறது. அதை மிதித்துக்கொண்டே பொழுது முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்தார். சாக்ஸைக் கழற்றியபோது ரத்தம். அவருக்குத் தெரியவே இல்லை. அன்றிலிருந்து அவர் குளித்துவிட்டு வந்ததும் இரண்டு காலையும் என் மடியில் வைத்துத் துடைத்து, விரலிடுக்கு, குதிகால், உள்ளங்கால் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்ப்பது என் வேலை.

"கல்யாணமான புதுசுலகூட என்னை இப்படிப் பாத்ததில்ல நீ" என்று கிண்டல் பண்ணுவார்.

இது நடந்ததெல்லாம் மலேசியாவில், கிள்ளான் பக்கம். அவர் பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனை ஆலையில் ஃபிட்டர். நான் பாலர் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு பேருமே திருச்சியிலிருந்து போனவர்கள், இரண்டு பேரிடமும் இருந்தது சிவப்பு ஐசி. அந்த ஊர்க் குடிமக்களின் அடையாள அட்டை நீல நிறம். எங்களைப் போல நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு. நிரந்தரம் என்று ஒரு அரசாங்கமே சொன்னால் நம்பாமல் என்ன செய்வது? நம்பினேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

கொரோனா என்ற பேச்சு அப்போதுதான் டிவியில் அடிபட ஆரம்பித்திருந்தது. ஸ்ரீரங்கத்தில் அப்பா போய்விட்டார் என்று தம்பி போன் பண்ணினான். ஆலையில் லீவு கிடைக்காததால் நான் மட்டும் கிளம்பினேன். ஏர்போர்ட் வாசலில் "காலைப் பாத்துக்குங்க" என்றேன். "நீ போய் உங்கப்பா முகத்தப் பாரு. என் கால் எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார்.

காவேரியில், அம்மா மண்டபம் படித்துறையில் அப்பாவின் அஸ்தியைக் கரைத்தோம். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் விமானம், ரயில், பஸ் எல்லாம் நின்றுவிட்டன. அதற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை. உலகத்துக்கே வந்த கேடு. தினமும் சாயங்காலம் அவர் வீடியோ காலில் வருவார். பேசி முடித்ததும் இரண்டு உள்ளங்காலையும் படம் பிடித்து அனுப்புவார். நான் விரலால் பெரிசு பண்ணிப் பார்த்துவிட்டு, "ம், சரி" என்று எழுதுவேன்.

ஆடி முடிந்து ஆவணியில் சிறப்பு விமானம் விட ஆரம்பித்தார்கள். பாலக்கரையில் டிராவல்ஸ் வைத்திருந்தவர் எனக்கு ஒரு சீட் பிடித்துக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை ராத்திரி விமானம், சாயங்காலமே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அம்மா பிடித்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை, அதுவும் விளக்கு வைக்கிற நேரத்துல, பொறந்த வீட்லேந்து பொண்ண அனுப்புறதா? உங்கப்பா போயி வருஷம்கூடத் திரும்பல, இன்னொண்ணு வேற வேணுமா இந்த வீட்டுக்கு? நான் அனுப்ப மாட்டேம்மா."

செவ்வாயும் வெள்ளியும் பெண்ணை அனுப்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் விமானக் கம்பெனிக்காரனுக்கு அது தெரியுமா? நான் சண்டை போட்டேன். தம்பி "அக்கா, அம்மா ஒரு வாரமா சரியா சாப்பிடல. நீ வேற ஏன்?" என்று இழுத்தான். கடைசியில் இவரிடம் சொன்னால் இவர் அதற்கு மேல்.

"அத்தை சொல்றத கேளேன். இத்தன மாசம் இருந்துட்ட, இன்னும் பத்து நாள்ல என்ன குடி முழுகிடப் போவுது?"

அடுத்த விமானம் பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை. மாற்றினோம். அம்மா அன்று ராத்திரி வயிறாரச் சாப்பிட்டாள்.

நடுவில் அறிவிப்பு வந்தது. இந்தியாவிலிருந்து வரும் நிரந்தரவாசிகளுக்கு வரும் திங்கட்கிழமை முதல் அனுமதி இல்லை. அதே திங்கட்கிழமை. அதற்கு முன்னால் ஒரு சீட்டாவது கிடைக்குமா என்று சென்னை, கொச்சி என்று தம்பி ராப்பகலாய் போன் அடித்தான். கிடைக்கவில்லை. நான் பூஜை அறை வாசலில் நின்று, "உன் வெள்ளிக்கிழமை நல்லா இருக்கட்டும்" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். அவள் விளக்குத் திரியை நிமிண்டிக்கொண்டே இருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் பாலக்கரைக்கு ஓடினேன். கடைக்குள் கூட்டம். டிராவல்ஸ்காரர் தலை நிமிராமல் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீலமா, செவப்பா?"

எனக்கு முன்னால் நின்ற பெரியவர் "நீலம்" என்றார். அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். நான் "செவப்புங்க" என்றேன். டிராவல்ஸ்காரர் அப்போதுதான் நிமிர்ந்தார். நல்ல மனுஷன், முகம் வாடிவிட்டது.

"கோவிச்சுக்காதீங்க மேடம். டிக்கெட் நான் போட்டுத் தந்துடுவேன். அங்க எறக்கி விட்டுத் திருப்பி அனுப்பிட்டான்னா? ஸ்பெஷல் பர்மிஷன் கேட்டு எழுதிப் பாருங்க."

எழுதினேன். கணவர் தனியாக இருக்கிறார், சர்க்கரை நோயாளி, கவனிக்க ஆள் இல்லை என்று எழுதினேன். இயலாது என்று மலாயில் ஒரு வரி வந்தது. மறுபடி எழுதினேன். அதே வரி. அந்த ஊரில் எத்தனை பிள்ளைகளுக்கு மூக்கைத் துடைத்துவிட்டு 'அ' எழுத வைத்திருப்பேன்! அதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? இங்கே தெருவில் போகிறவர்களெல்லாம் "இன்னும் போகலையா?" என்று விசாரித்தார்கள். ரேஷன் கடையில் என் பெயர் இல்லை, அங்கே என் வீட்டுக்கு வழி இல்லை. இரண்டுங்கெட்டான் பிழைப்பு.

கார்த்திகை வாக்கில் அவர் குரல் மாறியது. பேச்சு நடுவில் மூச்சு வாங்கினார், ஜுரம் என்றார். "கால் எப்படி?" என்றால் "அதான் தினம் பாக்குறியே" என்பார். படம் மட்டும் தவறாமல் வந்தது. இரண்டு பாதமும் சுத்தமாக இருந்தன. ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. தில்லை நகரில் ஒரு சர்க்கரை டாக்டரிடம் போய் செல்போனை நீட்டி, ஜுரம் எதனால் என்று இதைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். அந்த டாக்டரம்மா இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இது ரெண்டும் ஒரே கால்ங்க."

எனக்குப் புரியவில்லை.

"குதிகால்ல இந்த வெடிப்பப் பாருங்க. அடுத்த படத்துலயும் அதே வெடிப்பு இருக்குல்ல? இடது கால்னு அனுப்பினத செல்ஃபி கேமராவுல எடுத்திருக்காரு, பின்னாடி காலண்டர் எழுத்தெல்லாம் கண்ணாடியில தெரியிற மாதிரி திரும்பி விழுந்திருக்கு. ரெண்டு படமுமே வலது கால்தான். இடது கால உடனே காட்டச் சொல்லுங்க."

வெளியே வந்து பைக்குகள் நிறுத்தும் இடத்தில் நின்றே வீடியோ கால் போட்டேன். எப்போது பேசினாலும் "ஏங்க" என்றுதான் ஆரம்பிப்பேன். அன்று அதுகூட வரவில்லை.

"இடது கால காட்டுங்க."

அவர் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார்.

"காட்டுறீங்களா, இல்ல நான் இங்கயே ரோட்ல விழட்டுமா?"

போனைத் திருப்பினார். பழைய கைலியைக் கிழித்துச் சுற்றியிருந்தார். துணியே கறுத்துப் போயிருந்தது.

"எப்பலேந்து?"

"நீ வர முடியாதுன்னு ஆச்சுல்ல, அப்பலேந்து. வர முடியாதவகிட்ட சொல்லி என்ன பண்றது? நீ அங்க அழுவ, அத்தைகிட்ட சண்ட போடுவ."

பாவி மனுஷன். அந்தச் சந்தடியில் நான் ஓவென்று அழுதேன். ஒரு ஆட்டோக்காரர் இறங்கி வந்து, "என்னாச்சும்மா, ஆஸ்பத்திரி எதுன்னு சொல்லுங்க, போவோம்" என்றார். ஆஸ்பத்திரி கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்!

அங்கே பக்கத்து வீட்டு மலாய் அக்காவுக்குப் போன் பண்ணினேன். அவள் தன் மகனோடு வந்து இவரைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு போனாள். விரலோடு நின்றுவிடும் என்றார்கள். நிற்கவில்லை. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் பேப்பரை இணைத்து மறுபடியும் எழுதினேன். இந்த முறை அந்த ஒரு வரிகூட வரவில்லை.

ஒற்றைக் காலோடு அவர் அந்த வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும்? ஆலையில் வேலை முடிந்தது, குடியிருப்பையும் காலி பண்ண வேண்டும். உள்ளே போவதற்குத்தான் அத்தனை தடை. வெளியே வருவதற்கு ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருச்சிக்கு வந்த ஒரு சிறப்பு விமானத்தில் வீல்சேரோடு ஏற்றி அனுப்பினார்கள். நான் போய்ச் சேர வேண்டிய ஆளை ஏர்போர்ட் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அழைத்துக்கொண்டேன். பாதியாக இளைத்திருந்தார். கால் இருக்க வேண்டிய இடத்தில் பேண்டை மடித்து ஊக்கு குத்தியிருந்தது. கார் காவேரிப் பாலத்தைத் தாண்டியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கோபம்தான், ஆனால் விட மனசில்லை.

அன்று கிழமை வெள்ளி. விளக்கு வைக்கிற நேரம். வருகிறவர்களுக்கு அது நல்ல நாளாம்.

தம்பியும் டிரைவருமாக அவரைத் தாங்கி வாசல்படியில் நிறுத்தினார்கள். தம்பி மனைவி ஆரத்தித் தட்டோடு நின்றாள். அப்பா போய் இன்னும் வருஷம் திரும்பாததால் அம்மா எதிரே வரவில்லை, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். ஆரத்தி சுற்றி முடிந்ததும் கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் எத்தனையோ வருஷமாகச் சொல்லிப் பழகின குரல், அது பாட்டுக்கு வந்துவிட்டது.

"வலது கால எடுத்து வச்சு உள்ள வாங்க மாப்ள..."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"அது மட்டுந்தானே இருக்கு அத்தை" என்று சொல்லிச் சிரித்தார். தம்பி தோளை அழுத்திப் பிடித்து எம்பி, அந்த ஒரு காலை உள்ளே வைத்தார்.

கதவுக்குப் பின்னால் அம்மா தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. நான் போய் அவளைப் பிடிக்கவில்லை. பிடித்திருக்கலாம். அன்றைக்கு என்னால் முடியவில்லை.

பிறகு அந்த நாட்டின் எல்லையைத் திறந்தார்கள். நாங்கள் போகவில்லை. இரண்டு சிவப்பு ஐசியும் பீரோவில் கிடக்கின்றன. இப்போது இந்த வீட்டில், அவர் குளித்துவிட்டு வந்ததும் வலது காலை மடியில் வைத்துத் துடைத்து டார்ச் அடித்துப் பார்க்கிறேன். அம்மாதான் டார்ச்சைப் பிடிக்கிறாள். குதிகாலில் அந்த வெடிப்பு இன்னும் இருக்கிறது.