திருப்பி மாட்டிய ஹெட்போன்

அந்த ஹெட்போனின் இடப்பக்கக் குமிழில் என் மனைவி எழுதிய 'இ' இன்னும் முற்றிலும் அழியவில்லை. தொண்ணூறுகளின் இறுதியில், அபிராமபுரத்து வீட்டில், அவளுடைய குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகு எழுதியது. அறுவைக்கு முன் ஒரு பாட்டையாவது முழுமையாகப் பதிந்துவிட வேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு அப்போது வேறு விருப்பமில்லை. பெசன்ட் நகரில் குடியிருந்தபோது பதிந்த கேசட்டுகள் யாவும் கடற்காற்றில் பூஞ்சை பிடித்துப் போயிருந்தன. "இனிமே டேப் வேண்டாம். உங்க கம்ப்யூட்டர்லயே பாடறேன்" என்று அவள்தான் சொன்னாள்.

ஒரு மைக் அவள் முகத்துக்கு, மற்றொன்று தம்புராவுக்கு. குரல் இடப்பக்கமும் சுருதி வலப்பக்கமும் ஒலிக்க வேண்டும். முதலில் பாடியதைக் கேட்டுப் பார்த்தபோது, அனுபல்லவியின் நடுவே ஒரு வெடிப்போசையுடன் குரல் வலப்பக்கம் தாவியது. சற்றுப் பொறுத்து மறுபடி இடப்பக்கம் வந்தது.

"ஹெட்போனைத் திருப்பி மாட்டிக்கோங்கோ, சரியாப்போச்சு" என்றாள். பாட்டு முழுவதும் இப்படித் தாவுகிறதே என்றேன். "அப்போ கூடவே திருப்பிண்டே இருங்கோ."

கணினிக்குள் ஒலியை வாங்கும் சவுண்ட் கார்டை இயக்கும் டிரைவர் நிரலை முகமறியாத ஒருவர் எழுதி, எவரும் படிக்கலாம், திருத்தலாம் என்று பொதுவில் வைத்திருந்தார். நான் கல்லூரியில் கணிதம் கற்பித்தவன். தாவலின் காரணம் அதில்தான் இருக்கும் என்று வரிவரியாகப் படித்தேன். சோதனைக்காக ஓரிரு வரி பாடச் சொன்னால் அவள் மறுத்தாள். பாதியில் நிற்கும் பாட்டை அவளால் தாங்க முடியாது. அதனால் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் இரு மைக்குகளிடமும் மாறி மாறிக் குனிந்து, "இடது", "வலது" என்று மட்டும் சொன்னாள். நாளுக்கு நாள் அந்தச் சொற்கள் கரகரத்துக்கொண்டே வந்தன.

நிரலில் இருந்த பிழை எளியதுதான். ஒலி, இடமும் வலமுமாக மாறி மாறி வரும் எண்களாக வந்து சேர்கிறது. கணினி திணறும்போது ஓர் எண் தவறிப்போகும். அதன்பின் வலப்பக்கத்துக்கு வந்ததை நிரல் இடப்பக்கத்துக்குரியதாக வைத்துவிடும். ஒன்று தொலைந்தால் அதன் இணையையும் சேர்த்தே விட்டுவிட வேண்டும் என்று எழுதினேன். தாவல் நின்றது.

அவள் தம்புராவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுருதி சேர்ந்தது. வாய் திறந்தாள், காற்று மட்டும் வந்தது. மீண்டும் முயன்றாள். பின்பு தம்புராவின் தந்திகளை உள்ளங்கையால் அணைத்துவிட்டு, என்னைப் பார்த்து, முடியாது என்று தலையசைத்தாள். அறுவை முடிந்தபின் சில ஆண்டுகள் என்னோடு மௌனமாக வாழ்ந்தாள்.

இப்போது என் இடக்காது கேட்பதில்லை. கடைசிச் சோதனைப் பதிவை ஓட்டினால் "வலது" மட்டும் கேட்கிறது. மற்றவை, நான் சரிசெய்தபடியே, தவறாமல் இடப்பக்கம் போய்விடுகின்றன. ஆகவே ஹெட்போனைத் திருப்பி மாட்டிக்கொள்கிறேன். 'இ' எழுதிய குமிழ் வலக்காதை மூடுகிறது. "இடது" என்கிறாள். சிறு இடைவெளிக்குப் பின், கரகரத்த அதே குரலில், "ஏன்னா, இப்போ சரியாயிடுத்தா?" என்று கேட்கிறாள். அன்று நான் வாய்திறந்து பதில் சொல்லவில்லை போலும். பதிவில் அதற்குப்பின் வலப்பக்கத்தில், தம்புரா மைக் வாங்கிய அறையின் இரைச்சல் மட்டும் இருக்கிறது. திருப்பி மாட்டியிருப்பதால் அதுவும் எனக்குக் கேட்பதில்லை.