பதிவேட்டின் பின்பக்கம்

நான் குதிரையைத் தொட்டதே இல்லை. போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த எனக்குக் குதிரையைப் பக்கத்தில் நின்று பார்த்த நினைவுகூடக் கிடையாது. ஆனால் இரண்டு வருடங்களுக்கு மேல் குதிரைகளின் பிறப்பையும் இறப்பையும் பதிவதுதான் என் வேலையாக இருந்தது.

ஊருக்குள் ஜங்லிகாட் பகுதியில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். மெயின்லேண்டில் உள்ள ஒரு குதிரை வளர்ப்போர் சங்கம் தன் வம்சப் பதிவேட்டையும் உறுப்பினர் சேவையையும் மொத்தமாக ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டது. அந்தக் கம்பெனி தமிழில் பேசுகிறவர்களின் அழைப்புகளை எங்கள் பக்கம் தள்ளிவிட்டது. கடலுக்கடியில் கேபிள் வந்து நெட் ஓரளவு நிலைத்த பிறகு இப்படிச் சில வேலைகள் தீவுக்கும் வரத் தொடங்கியிருந்தன. என் கணவர் பாராடாங் தீவில் வண்டிகளை அக்கரை சேர்க்கும் ஃபெர்ரியில் வேலை பார்த்தார். வாரம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். நாற்பதைத் தாண்டியபின் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. பயபக்தியோடு செய்தேன்.

சேர்ந்த அன்றே ஒன்றை அழுத்திச் சொல்லியிருந்தார்கள். எங்கிருந்து பேசுகிறோம் என்று யாரிடமும் சொல்லக்கூடாது. கேட்டால், "சங்க அலுவலகத்திலிருந்து" என்று சொல்ல வேண்டும்.

ஈரோட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர் ஒரு மழைநாள் காலையில் முதன்முதலாக அழைத்தார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு பெட்டைக் குதிரை. அது ஈன்ற குட்டியைப் பதிய வேண்டும் என்றார்.

"பொறந்த நாலாம் நாளே தாய் செத்துப்போச்சுங்க அம்மிணி. பசும்பாலக் காச்சி ஆறவெச்சு, பாட்டல்ல குடுத்துத்தான் இத உசுரோட வெச்சிருக்கறனுங்க."

தாயின் எண்ணைக் கேட்டு கம்ப்யூட்டரில் தட்டினேன். பெயர் வந்தது, அதன் தகப்பன் பெயரும் தாய் பெயரும் வந்தன. அடையாளம் என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. தாயின் அடையாளம் இல்லாமல் குட்டியைப் பதிய முடியாது. பழைய பதிவேட்டின் படத்தைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒவ்வொரு தாளிலும் முன்பக்கம் எழுத்து. பின்பக்கம் குதிரையின் உருவத்தை வரைந்து சுழி எங்கே, நெற்றியில் வெள்ளை எதுவரை, எந்தக் கால் வெள்ளை என்று குறித்திருப்பார்கள். இந்தக் கட்டுத் தாள்களில் முன்பக்கங்களை மட்டுமே ஸ்கேன் செய்திருந்தார்கள். மற்றக் குதிரைகளை மறுபடி பார்த்து எழுதிக்கொள்ளலாம். இது செத்துப்போனது.

"உங்ககிட்ட அதோட சர்டிபிகேட் இருக்குமே?" என்று கேட்டேன்.

"புதுக் கார்டு தர்றோம், பழசத் திருப்பி அனுப்புங்கன்னு லெட்டர் போட்டீங்களே அம்மிணி. அனுப்புனனுங்க. கார்டுதான் வரவே இல்ல."

எங்கள் சூப்பர்வைசர் தீவிலேயே பிறந்த தெலுங்குக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர், இந்தி கலந்துதான் தமிழ் பேசுவார். அவரிடம் போய்ச் சொன்னேன். பின்பக்கங்கள் எங்காவது இருக்கும், தேடச் சொல்லுங்கள் என்றேன்.

"அக்கா, ச்சோடோ, விட்டுடுங்க. ஸ்கேன் பண்ணது வேற கம்பெனி. தாளெல்லாம் எங்க போச்சோ, கிஸ்கோ பத்தா, யாருக்குத் தெரியும்? அது நம்ம காம் இல்ல."

குட்டிக்கு ஒரு வயது முடிவதற்குள் பதிய வேண்டும் என்பது விதி. அந்த விவசாயி வாரத்துக்கு இரண்டு முறை அழைத்தார். எந்த நேரத்தில் அழைத்தாலும் பின்னால் ஒரு கனைப்புக் கேட்கும். "உங்க கொரலக் கேட்டுட்டான் பாருங்க," என்பார். ஒவ்வொரு முறையும் நான் ஒரு புகார் எண் கொடுத்தேன். ஒவ்வொன்றும் மூன்றே நாளில், "போதிய ஆவணம் இல்லை" என்று மூடப்பட்டது.

ஒரு சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து, என் சொந்த மொபைலிலிருந்து சங்கத்தின் முகவரிக்கே ஒரு மெயில் எழுதினேன். பின்பக்கம் விடுபட்டதையும் தாய் செத்ததையும் குட்டிக்கு நாள் நெருங்குவதையும் விளக்கி, யாராவது பெரியவர்கள் தலையிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அனுப்பியதும் மனசு லேசானது.

மறுநாள் காலையில் என் மேஜைக்கு வந்த முதல் கடிதம் அதுதான். நான் எழுதியது, புதிய புகார் எண்ணோடு.

சூப்பர்வைசர் என் பின்னால் வந்து நின்றார். "சங்கத்துக்கு வர்ற மெயில் பூரா நம்மகிட்டதான் வரும். மாலூம் இல்லையா அக்கா?"

"அப்போ சங்கத்துல யார் படிப்பாங்க?"

"கோயி நஹி, யாருமில்ல. யாரும் படிக்கக் கூடாதுன்னுதானே நமக்குக் குடுத்திருக்காங்க."

அவர் பார்த்துக்கொண்டு நிற்க, நானே அதற்கு ரெடிமேட் பதிலைப் போட்டு மூடினேன். "தங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியமானது." என் கைப்பைக்குள் மொபைல் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.

அந்த வாரமே ஈரோட்டு விவசாயி, "நேர்லயே வந்தர்றனுங்க," என்றார். "கன்னத்துச் சுழி, கழுத்துச் சுழி எல்லாம் தெரியற மாதிரி அவளோட போட்டோவப் பெருசாப் போட்டு வெச்சிருக்கறன். கொண்டாந்து காட்டறன்."

"வர வேண்டாங்க ஐயா," என்றேன்.

"ஏனுங்க, லெட்டர்ல போட்டிருக்கற அட்ரஸ்லதானுங்களே ஆபீஸு இருக்குது?"

எங்கள் அழைப்புகள் எல்லாம் ரெக்கார்டு ஆகும். சூப்பர்வைசர் இரண்டு நாற்காலி தள்ளி இருந்தார். நான் ஒரு நொடிதான் தயங்கினேன்.

"ஆமாங்க," என்றேன்.

மூன்றாம் நாள் பதினோரு மணி இருக்கும். "அம்மிணி, வந்துட்டனுங்க. மாடியேறி நிக்கறன். இங்க ஏதோ தையல் கிளாசு நடக்குதுங்களே. நீங்க எந்த ரூம்ல இருக்கறீங்க?"

அவர் குரலுக்குப் பின்னால் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஐயா, நான் அங்க இல்லைங்க. அந்தமான்ல இருக்கேன்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அந்தமானுங்களா," என்றார். "அப்ப இந்தப் போட்டோவ ஆருகிட்டக் குடுக்கறதுங்க?"

போட்டோவை அனுப்பினாலும் அதை வைத்து அந்தக் கட்டத்தை நிரப்ப எனக்கு அனுமதி இல்லை என்று நான் சொல்வதற்குள் அவராகவே போனை வைத்தார். உண்மையைச் சொன்னதற்காக அன்று மாலை எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். கையெழுத்துப் போட்டேன். வார முடிவில் வீட்டுக்கு வந்த கணவரிடம் சொன்னபோது, "கண்ணால பாக்காத குதிரைக்காக நீ ஏன் சாப்பிடாமக் கெடக்க?" என்றார். குதிரைக்காக இல்லை என்று சொல்லத் தோன்றியது. அவருக்குச் சோறு போட எழுந்தேன்.

குட்டிக்கு ஒரு வயது முடிந்து சில நாட்கள் கழித்து அந்த விவசாயி இன்னொரு முறை அழைத்தார். உறுப்பினர் பதவியை ரத்து செய்ய வேண்டும் என்றார். காரணம் கேட்பது கட்டாயம். திரையில் இருந்ததைப் படித்தேன். இடமாற்றம், குதிரை விற்பனை, குதிரை இறப்பு, சேவையில் அதிருப்தி.

"குட்டிய பீச்சுல சவாரி உடறவனுக்குத் தள்ளியுட்டுட்டனுங்க. பதிவில்லாத குதிரைக்கு வேறென்ன வழியிருக்குது? நீங்களே ஏதோ ஒண்ணப் போட்டுக்குங்க."

எங்கோ ஒரு கடற்கரையில், முதுகில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, கனைக்கவும் நேரமில்லாமல் அது வெயிலில் நடப்பதை நினைத்தேன். குதிரை விற்பனை என்ற கட்டத்தைத் தொட்டேன். பொய்யில்லை. அதனாலேயே யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் அந்த வேலை எங்களிடமிருந்து கைமாறி வேறு ஊருக்குப் போனது. ஒப்படைப்புப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். நிலுவையில் உள்ள புகார்கள் எத்தனை என்று ஒரு கட்டம் இருந்தது. எல்லாமே மூடப்பட்டவை. பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்தேன்.