கூப்பிட்டால் நிறுத்தக்கூடிய விளையாட்டு

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அவருடைய வீடியோ கேம் கண்ட்ரோலரைத் திருத்தியது. ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து வந்த பிறகு. அவர் டோர்ச் பிடித்தார். நான் ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். நான் லிஃப்ட் பராமரிக்கும் தொழில்நுட்பவியலாளர். எந்தப் பொத்தானை ஆட்கள் அதிகம் அழுத்துகிறார்கள் என்பதைத் தேய்மானத்தை வைத்தே சொல்வேன். மற்றவர்களுடைய கண்ட்ரோலர்களில் சுடுகிற, பாய்கிற பொத்தான்கள்தான் தேயும். அம்மாவுடையதில் இடைநிறுத்தும் பொத்தான் தேய்ந்திருந்தது.

அம்மாவின் பெயர் பிரேமிளா. எனக்கு ஏழு வயதாக இருந்தபோது குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். ஆறு வருடம். கட்டுகஸ்தோட்டையில் றோஸ் சித்திதான் என்னைப் பார்த்துக்கொண்டார். குவைத்தில் அம்மா வேலை செய்த வீட்டில் நூறா என்று ஒரு மகள், என் வயது. அவளோடு கேம் விளையாடுவதும் அம்மாவின் வேலைகளில் ஒன்று. வெள்ளிக்கிழமைகளில் அம்மா எனக்குப் போன் எடுப்பார். அவர் குரலுக்குப் பின்னால் கேமின் இசை கேட்கும். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு போனைச் சித்தியிடம் கொடுத்துவிடுவேன்.

அம்மா திரும்பி வரும்போது நூறா கேம் பெட்டியைக் கொடுத்துவிட்டாள். இரண்டு கண்ட்ரோலர்களில் ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள்.

பிறகு அம்மா பார்மசி ஒன்றில் வேலை செய்தார். மாலையில் ஒரு மணி நேரம் விளையாடுவார். கேம்கள் பற்றி அவருக்குக் கறாரான அபிப்பிராயங்கள் இருந்தன.

"கூப்பிட்ட ஒடனே நிறுத்த முடியணும். நிறுத்த முடியாத கேம் குவைத் மேடத்த விட மோசம்" என்பார்.

கார் ரேஸ் பிடிக்காது. சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வருவதற்கு எதற்கு அவ்வளவு அவசரம் என்று கேட்பார். சுடுகிற கேம்களில் அவருடைய குறை வேறு: சுட்டுப் போட்டுவிட்டுப் போகிறார்களே, யார் கூட்டுவது? தோற்றால் தன் பிழையால்தான் தோற்றோம் என்று தெரிய வேண்டும், அதுதான் நேர்மையான கேம் என்பார். அதில் எனக்கும் உடன்பாடு.

அவருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. இரண்டு சுமைகாரர்கள் ஒரு கோபுரத்தில் ஏறுவார்கள். ஒருவன் பின்தங்கினால் மற்றவன் காத்திருப்பான். எட்டு மாடிகள் வரை ஒருவர் தனியாக விளையாடலாம். ஒன்பதாவது மாடிக் கதவு, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மிதித்தால்தான் திறக்கும். பதினாறு வருடம் அம்மா அந்த எட்டு மாடிகளையே ஏறிக்கொண்டிருந்தார். சித்தியின் மகன் கிஷான் தானும் சேர்ந்து விளையாட வருவதாகச் சொன்னான். பார்ப்போம் என்றுவிட்டார். என்னை இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் வேலை இருக்கிறது என்றேன்.

அந்த ஞாயிறு, பொத்தானுக்கு அடியில் இருந்த ரப்பரை மாற்றிக் கண்ட்ரோலரை மூடிய பிறகு, ஒன்பதாவது கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"தெரியாது. அந்த எடத்துக்கு வர்றப்போ நூறாவுக்குத் தூக்கம் வந்துரும். அவள தூக்கிட்டுப் போய்ப் படுக்க வைப்பேன்."

என்னை யார் படுக்க வைத்தார்கள் என்று கேட்க நினைத்தேன்.

"நம்ம போய்ப் பாப்போமா?" என்றேன்.

அம்மா டோர்ச்சை அணைத்தார். "இன்னொரு கண்ட்ரோலர் வேணுமே. சனிக்கிழம டவுனுக்குப் போய் வாங்கிட்டு வர்றேன்."

நான் வாங்குகிறேன் என்றேன்.

"நீ பொட்டியத் தொறந்து பாக்காம வாங்கிட்டு வருவ. நான் போறேன், லிண்டா."

வியாழக்கிழமை காலை மாரடைப்பு. வெள்ளிக்கிழமை அடக்கம்.

சனிக்கிழமை பின்னேரம் அம்மாவின் போன் அடித்தது. கண்டியில் கேம் கடை வைத்திருக்கும் ஸிபான். அன்ட்டி செவ்வாய்க்கிழமை பேசி ஒரு கண்ட்ரோலரை எடுத்துவைக்கச் சொன்னாராம், இன்னும் வரவில்லையாம், இன்றைக்குக் கடையை மூடப் போகிறாராம். அம்மா வரமாட்டார் என்று மட்டும் சொன்னேன். அப்படியானால் வேறு ஆளுக்குக் கொடுக்கவா என்று கேட்டார்.

வேண்டாம், வைத்திருங்கள் என்றேன்.

மூன்று வாரமாகிறது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.