கமர்கட்டும் இரண்டு வட்டங்களும்

எங்கள் புதுச்சேரியில் ஐஸ் வேண்டுமென்றால் வைத்திக்குப்பத்து மீன் பெட்டியைத்தான் திறந்து பார்க்க வேண்டும். அதனால் என் மகள் ஸ்கேட்டிங் கற்றது லாஸ்பேட்டையில் ஒரு சிமெண்ட் தரையில், காலில் சக்கரம் கட்டிக்கொண்டு. செல்போனில் பொத்தான்கள் இருந்த காலம் அது.

பிள்ளைகளே, ஸ்கேட்டிங் என்றால் யார் முதலில் வருவது என்ற போட்டி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவள் கற்றது வேறு. தரையில் பெயிண்டால் இரண்டு பெரிய வட்டங்கள், எட்டு போல ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு வட்டத்தை வலது காலால் மட்டும், அடுத்ததை இடது காலால் மட்டும், கோட்டை விட்டு விலகாமல் சுற்ற வேண்டும். தூக்கிய கால் தரையில் பட்டால் போச்சு. சுழல்வது, குதிப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் பஞ்சாலையில் வேலை பார்த்தவன். மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி என் குரல் ஆலைச் சங்கு மாதிரி ஆகிவிட்டது. ஓரத்தில் உட்கார்ந்து, "வேகமா போம்மா, வேகமா!" என்று கத்துவேன். அவளும் வேகமாகப் போவாள். கோடு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

சொல்லிக்கொடுத்த மாஸ்டர் ஒருநாள் கும்பிட்டார். "அண்ணே, இது என்னா கோரிமேடு பஸ்ஸா, ஓடிப் புடிக்க? நிதானமா போனாதான் மார்க்கு."

"இனிமே வாயே தொறக்கமாட்டேன் சார்" என்றேன். மறுநாளே திறந்தேன்.

மகள் இடுப்பில் கை வைத்து நின்றாள். "அப்பா, நீ கத்துனா என் காலு உன் பேச்சதான் கேக்குது. என் பேச்சக் கேக்கமாட்டேங்குது!"

போன வருடத் தேர்வில் தூக்கிய காலை ஊன்றிவிட்டதால் ஊர் அணியில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. இந்த முறை எப்படியும் அணியோடு வெளியூர்ப் போட்டிக்கு ரயில் ஏற வேண்டும் என்று காலையும் மாலையும் பழகினாள்.

தேர்வு நாளன்று பெட்டிக்கடையில் பெரிய கமர்கட்டு இரண்டு வாங்கி வந்தாள். "ஆ காட்டுப்பா" என்று கன்னத்துக்கு ஒன்றாக அடக்கினாள். "நான் முடிக்கிற வரைக்கும் முழுங்கக்கூடாது."

என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "அய்ய, பாரேன், அனுமாரு மாதிரி இருக்காரு உங்கப்பா!"

முதல் வட்டம் அழகாக வந்தது. இரண்டாவது வட்டம் முடியும் இடத்தில் சக்கரத்தின் வேகம் தளர்ந்தது. தூக்கிய கால் ஆடியது. கத்தப் பார்த்தேன்; "ம்ம்ம்" என்றுதான் வந்தது. அது அவளுக்கு எட்டவில்லை. அவள் அவசரப்படாமல் முழங்காலை மெல்ல மடித்து நிமிர்ந்தாள். சக்கரம் இன்னும் கொஞ்சம் உருண்டது, இன்னும் கொஞ்சம், கோட்டின் முனையைத் தொட்டது.

அணியில் அவள் பெயரைப் படித்தார்கள். ஓடி வந்து என் கையைப் பிடித்து உலுக்கினாள். "இப்ப கத்துப்பா! எவ்ளோ வேணா கத்து!"

கத்தலாம்தான். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் வெல்லத்தில் ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்தன. எனக்குப் பதிலாக என் மனைவி வாயில் இரண்டு விரலை வைத்து ஒரு விசில் அடித்தாள் பாருங்கள், மைதானமே திரும்பிப் பார்த்தது. அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரியும்.