சேற்றுக்கால் சகோதரர்களின் சிரிப்புக்காரி

சேற்றுக்கால் சகோதரர்கள் என்று பெயர்தானே தவிர, அந்த நால்வரும் அண்ணன் தம்பிகள் இல்லை; யார் காலிலும் சேறும் இல்லை. 1937ஆம் வருஷம் அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் சேறு வேண்டுமென்றால் கிணற்றுத் தண்ணீரை நாமே ஊற்றிக் குழைத்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு வறட்சி. இருந்தாலும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர்களுடைய பாட்டும் கூத்தும் கேட்காத பண்ணை வீடு சுற்றுவட்டாரத்தில் கிடையாது. விதையும், தபாலில் கோழிக்குஞ்சும் விற்கும் கம்பெனி ஒன்று தன் கிடங்கு மாடியிலேயே ரேடியோ நிலையம் வைத்திருந்தது. கீழே குஞ்சுகள் கீச்சிடும். மேலே இவர்கள் கொட்டமடிப்பார்கள்.

பிடில் வாசித்த டெல்மர் ஹாய்ட்தான் குழுவுக்குத் தலைவர். பாஞ்சோவுக்கு ஒருவர், ஆள் உயரப் பாஸ் பிடிலுக்கு ஒருவர். நாலாவது ஆள் நம் வெர்லின் டீக். துணி துவைக்கும் தகரப் பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொள்வான். அதில் இரண்டு மாட்டு மணி, ஒரு சட்டி மூடி, பழைய காரிலிருந்து கழற்றிய ரப்பர் ஹாரன் எல்லாம் தொங்கும். விரல்களில் இரும்பு உறைகளைப் போட்டுக்கொண்டு கரகரவென்று தேய்ப்பான். பாட்டுக்கு நடுவே பட்டிக்காட்டு மண்டு மாதிரி ஜோக் சொல்வதும் அவன் வேலைதான். ரேடியோவில் யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் இரண்டு ஆள் நுழையக்கூடிய நிஜார் ஒன்றைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் மைக் முன்னால் நிற்பான். அது இல்லாவிட்டால் வாயே எழாது என்பான்.

ஐந்தாவது ஆள் ஒருத்தி உண்டு. ஓர்ஃபா லிண்ட்கிரென் பாடவும் மாட்டாள், வாசிக்கவும் மாட்டாள். கீழே விதைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த பெண். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காபித் தூக்கோடு மேலே வந்தவள், வெர்லின் சொன்ன ஜோக்கைக் கேட்டுக் கதவருகிலேயே சிரித்துவிட்டாள். முட்டையிட்ட கோழி கொக்கரிப்பது மாதிரி ஆரம்பித்து, மூச்சு வாங்கி, "ஐயோ போதும்" என்று கெஞ்சி, மறுபடி முதலிலிருந்து தொடங்கும் சிரிப்பு அது. அத்தனையும் மைக்கில் போய்விட்டது. டெல்மர் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுவாரம் பண்ணைப் பெண்கள் எல்லோரும் கடிதம் போட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று: அந்தச் சிரிக்கிற பெண் யார்? கம்பெனி முதலாளி அன்றைக்கே அவளை மாடிக்கு ஏற்றிவிட்டார். காலியான குஞ்சுப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு வெர்லினுக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பொய்யாகச் சிரிக்க ஓர்ஃபாவுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. ஒருமுறை ஒத்திகையை எட்ட நின்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு மைக் முன்னால் வெர்லின் ஜோக்கைச் சொல்லி முடித்ததும் கீழேயிருந்து குஞ்சுகளின் சத்தம்தான் கேட்டது. "கேட்டதுதானே" என்று அவள் பரிதாபமாகச் சொன்னாள். அதோடு டெல்மர் சட்டம் போட்டுவிட்டார்: ஒத்திகைப் பக்கம் அவள் வரக் கூடாது, மைக் இல்லாத இடத்தில் அவளிடம் யாரும் வேடிக்கையாக ஒரு வார்த்தை பேசக் கூடாது, இந்தச் சட்டம் அவளுக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் சிரிப்பைப் பற்றி யோசிக்க ஆரம்பிப்பாள், யோசித்தால் சிரிப்பு கெட்டுவிடும்.

வெர்லினோ அவள்மேல் உயிரையே வைத்திருந்தான். சனிக்கிழமை வீடுவரை துணைக்குப் போவான்; ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் சாப்பாடு. மூன்று மாவட்டத்தையே வயிறு வலிக்கச் சிரிக்கவைத்தவன், அவள் பக்கத்தில் மட்டும் அளவெடுத்துத் தைத்த கோட்டுக்குள் விறைத்துக்கொண்டு மாட்டுத்தீவனம் பற்றிப் பேசுவான். நல்ல ஜோக் நாக்கு நுனிவரை வரும். பாவி, அதை உருளைக்கிழங்கோடு சேர்த்து விழுங்கிவிடுவான்.

இந்த லட்சணத்தில் போட்டிக்கு ஓர் ஆள் வேறு வந்து சேர்ந்தான். பெயர் ராஸ்கோ டிரிபிள். இடிதாங்கிக் கம்பி விற்பவன். மழையே பெய்யாத வருஷத்தில் இடிதாங்கி விற்றவன் என்றால் அவனுக்கு வாய் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டு மாதத்து ஞாயிறு ஒன்றில் ராஸ்கோவும் ஓர்ஃபா வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்தான். பொரித்த கோழித் தட்டு கைமாறும்போதே தொண்டையைச் செருமினான்.

"பாதிரியார் பேரை வச்ச கோழியப் பத்தி ஒரு ஜோக் இருக்கு, தெரியுமா?"

அது வெர்லினுடைய ஜோக். முந்தைய வெள்ளிக்கிழமைதான் ரேடியோவில் சொன்னது. அத்தை ஒருத்தி பேர் வைத்த கோழியை அறுக்க மாட்டாள், பாதிரியார் விருந்துக்கு வரும் நாளில் கூண்டில் பேர் வைக்காத கோழி ஒன்றுதான் மிச்சம், கத்தியோடு போகிறாள், கோழி அவளைப் பார்க்கிறது, அவள் கோழியைப் பார்க்கிறாள், கடைசியில் பாதிரியாருக்கு வெறும் கிழங்கு. ஏன் என்று டெல்மர் கேட்ட பிறகுதான், கோழிக்குப் பாதிரியார் பேரையே வைத்துவிட்டாள் என்ற விஷயம் வெளியே வர வேண்டும். இந்த மகாராஜன் வாலைப் பிடித்து ஆரம்பித்துத் தலையில் முடித்தான்.

ஓர்ஃபா சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமையே கேட்டாச்சே" என்று குழம்புக் கிண்ணத்தை நகர்த்தினாள்.

"என்னப்பா வெர்லின், உனக்கு ரேடியோவுல மட்டும்தான் வாய் திறக்குமா? நீயும் ஏதாவது எடுத்து விடேன்!" என்று ராஸ்கோ முதுகில் தட்டினான்.

"இந்த வாரமும் மழை வராதுபோல" என்றான் வெர்லின்.

சாப்பிட்டு முடிந்ததும் தண்ணீர்ப் பம்பு பக்கம் ஓர்ஃபா அவனைக் கூப்பிட்டாள்.

"ராஸ்கோ என்னைக் கேட்டிருக்காரு. கட்டிக்கிட்டு நெப்ராஸ்காவுக்குப் போயிடலாம்னு சொல்றாரு. வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

வெர்லின் பம்புக் கைப்பிடியைப் பிடித்துச் சும்மா அடிக்க ஆரம்பித்தான்.

"உண்மையச் சொல்லட்டுமா? ரேடியோவுல பேசுறாரே ஒரு வெர்லின், அவரு வந்து கேட்டிருந்தா நான் யோசிச்சுக்கூட இருக்க மாட்டேன். ஆனா ஞாயித்துக்கிழமை நீங்கதான வர்றீங்க! வந்து தவிட்டு விலை சொல்றீங்க."

திங்கட்கிழமை அவன் டெல்மரைப் பிடித்தான்.

"அண்ணே, அந்தச் சட்டத்த எடுத்துடுங்க. அவளை நான் கட்டிக்கணும்."

டெல்மர் பிடில் வில்லைக் கீழே வைத்தார். "கட்டிக்கிட்டு? காலையில காபி குடிக்கும்போதே நீ ஜோக்க முணுமுணுக்கிற ஆளுடா. மத்தியானம் அவ சிரிப்பாளா?"

"தெரியலையே அண்ணே."

"எனக்குத் தெரியும். சிரிக்க மாட்டா. சனங்க நம்ம பாட்டுக்கா ரேடியோவைத் திருகுறாங்க? அவ சிரிப்பு நின்னா முதலாளி நம்மள கீழ குஞ்சு எண்ண அனுப்பிடுவாரு. அஞ்சு வீட்டு அடுப்புடா இது."

டெல்மர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் வெர்லினுக்கு அவர்மேல் அத்தனை கோபம் வந்தது.

புதன்கிழமை சாயங்காலம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கச்சேரி. அது முடிந்ததுமே வெர்லின் யாரிடமும் சொல்லாமல் லிண்ட்கிரென் வீட்டுக்கு நடையைக் கட்டினான். வேஷத்தைக் கலைக்கக்கூடத் தோன்றவில்லை. கதவைத் தட்டக் கையைத் தூக்கினான். முழங்கை ஹாரனில் பட்டு அது பாம் என்று அலறியது. கதவைத் திறந்த ஓர்ஃபாவின் அம்மா அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "ஓர்ஃபா, உன்னைத் தேடி ஒரு வண்டி வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஓர்ஃபா சமையலறையில் பீட்ரூட் ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்தாள். கை இரண்டும் சிவப்பு. வெர்லின் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்: சட்டம், மூன்று வருஷமாக விழுங்கிய ஜோக்குகள், டெல்மரின் பயம் எல்லாம்.

அவள் கரண்டியைத் தூக்கினாள். "அப்படின்னா நானும் அந்தக் கூண்டுல ஒரு கோழி! தீனி போட்டீங்க, முட்டைய எடுத்துக்கிட்டீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு ஒருத்தருக்கும் தோணலை, இல்ல?"

"தப்புதான். பெரிய தப்பு."

அவள் கோபம் தணியவில்லை. ஆனாலும் அவனை உற்றுப் பார்த்தாள். "உங்களுக்கு ஜோக் வந்தா காது ரெண்டும் சிவக்கும், தெரியுமா? ரேடியோவுல பின்னாடி உட்கார்ந்து தினமும் பாக்குறேன். ஞாயித்துக்கிழமை ராஸ்கோ உளறினப்பகூட சிவந்துச்சு. எதையோ முழுங்கினீங்க."

"ஆமா."

"என்ன அது?"

"பாதிரியார் இந்த ஆளு வாயில மாட்டுறதுக்கு, அத்தை கத்தியில மாட்டியிருக்கலாம்னு நினைச்சேன்."

கரண்டி கீழே விழுந்தது. கொக்கரிப்பு கிளம்பியது. "ஐயோ போதும்" என்று அவள் மேஜையைப் பிடித்துக்கொள்ள, உள்ளறையிலிருந்து அம்மா சிரிப்பதும் கேட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓர்ஃபா நிமிர்ந்தாள். "சரி. நாளைக்கு ரேடியோவுல சொல்லப்போறதை இப்பவே சொல்லுங்க. நாளைக்கும் எனக்குச் சிரிப்பு வந்தா உங்களைக் கட்டிக்கிறேன். வரலைன்னா அஞ்சு வீட்டு அடுப்ப அணைச்ச பாவம் எனக்கு வேண்டாம். நான் நெப்ராஸ்காவுக்குப் போறேன். பொய்யாச் சிரிக்க எனக்கு வராது, அது உங்களுக்கே தெரியும்."

மறுநாளைக்கு வைத்திருந்தது கிணறு வெட்டப்போன ஒரு மாமாவின் கதை. அவன் சொன்னான். அவள் சிரித்தாள். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் வெர்லினுக்குக் கலக்கம்தான். ஒருமுறை கேட்டதற்கு அவள் மறுமுறை சிரித்து அவன் பார்த்ததே இல்லை.

வியாழக்கிழமை மதியம். பாட்டு முடிந்தது. டெல்மர் வழக்கம்போல, "என்ன வெர்லின், ஊர்ல என்ன விசேஷம்?" என்று எடுத்துக் கொடுத்தார். வெர்லின் வாயைத் திறந்தான். கிணறும் இல்லை, மாமாவும் இல்லை; மண்டை துடைத்துவைத்த சட்டி மாதிரி இருந்தது. டெல்மரின் கண் பிதுங்கியது. பயத்தில் வாய்க்கு வந்ததைப் பிடித்துக்கொண்டான் அவன்.

"எங்க அத்தை ஒரு கோழி வளர்த்தா..."

வில் டெல்மர் கையிலிருந்து நழுவியது. போன வாரம்தான் சொன்ன ஜோக். மாவட்டம் முழுக்கத் தெரிந்த ஜோக். ராஸ்கோ அடித்துத் துவைத்துப் போட்ட ஜோக். தொலைந்தது, நெப்ராஸ்காதான் என்று நினைத்துக்கொண்டான் வெர்லின். காது இரண்டும் நெருப்பாய்ச் சுட்டது.

முதுகுக்குப் பின்னால் குஞ்சுப் பெட்டி லேசாகக் கிரீச்சிட்டது. பிறகு மூக்கால் விட்ட ஒரு மூச்சு. பாதிரியார் இன்னும் வாசலுக்கே வரவில்லை, அத்தை கத்தியைத் தொடவில்லை, அதற்குள் ஓர்ஃபா கொக்கரிக்க ஆரம்பித்துவிட்டாள். அவன் ஒவ்வொரு வார்த்தையாக நகர நகர, அவள் ஒரு வார்த்தை முன்னால் ஓடினாள். "கோழி அத்தையப் பாத்துச்சு" என்றபோது பெட்டியிலிருந்து தரைக்கு வந்துவிட்டாள். பாஞ்சோக்காரர் அவளைப் பார்த்துச் சிரிக்க, பாஸ்காரர் பாஞ்சோக்காரரைப் பார்த்துச் சிரிக்க, அன்றைக்கு ஜோக்கின் கடைசி வரியை யாரும் கேட்கவில்லை. யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை.

மைக் அணைந்ததும் டெல்மர் மூச்சிரைக்க வந்தார். "ஏம்மா, அவன் இன்னும் சொல்லவே இல்ல, அதுக்குள்ள என்ன சிரிப்பு? அதுவும் பழசு! உனக்குத்தான் தெரிஞ்ச ஜோக்குக்குச் சிரிப்பு வராதே?"

ஓர்ஃபா தரையில் உட்கார்ந்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கும் வராதுன்னுதான் நினைச்சேன்ணே. அவர் காது சிவந்துச்சு. இவர் இப்ப இதைத்தான் சொல்லப்போறாருன்னு தெரிஞ்சதுதான் தாமதம், என்னால அடக்க முடியல."

டெல்மர் அவளைப் பார்த்தார், வெர்லினைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் வில்லைப் பொறுக்கிக்கொண்டார்.

அக்டோபரில் கல்யாணம் நடந்தது. ராஸ்கோ மனதில் எதையும் வைத்துக்கொள்ளாமல் அவர்கள் வீட்டுக் கூரைக்கு இடிதாங்கி ஒன்றை அன்பளிப்பாகப் போட்டுக் கொடுத்தான். அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. வெர்லின் ஜன்னல் வழியாகக் கூரையைப் பார்த்தான், பிறகு மனைவி பக்கம் திரும்பினான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.