பின்வளவில் ஒரு மண்மூட்டைச் சுவர்

போன வருடம், குளிர் விட்டு வெயில் எட்டிப் பார்த்த ஒரு சனிக்கிழமை, எசன் நகரத்துக்குச் சற்று வெளியே இருக்கும் எங்கள் வீட்டுப் பின்வளவில் நடந்தது இது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்கக் கூடாது. எனக்குத் துவக்குச் சுடத் தெரியும். பக்கத்து வீட்டு ஜெர்மன் அம்மா ஊர்ச் சுடும் கழகத்தில் பல காலம் இருப்பவர். சும்மா வந்து பார் என்று ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். போன இடத்தில் காற்றுத் துவக்கு ஒன்றைக் கையில் தந்தார்கள். அன்றோடு எனக்கு அது பிடித்துப்போனது. மூச்சை விட்டு, ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றால் வேலையிடத்து எரிச்சல் எல்லாம் அடங்கிவிடும். கைக்குழந்தையாக இந்த நாட்டுக்கு வந்தவள் நான். துவக்கு எனக்கு ஒரு விளையாட்டுச் சாமான், அவ்வளவுதான். சனம் என்ன கதைக்கும் என்று என் அம்மா தலையில் கைவைத்தார். கணவர் மட்டும், விருப்பமென்றால் போம் என்றார்.

அவர் இலங்கையில், வன்னியில் கடைசிச் சண்டைவரை இருந்து தப்பியவர். என்னைக் கட்டிய பிறகுதான் ஜெர்மனிக்கு வந்தார். அந்த நாட்களைப் பற்றி அவர் கதைப்பதில்லை, நானும் கேட்பதில்லை. கேட்காமல் விடுவதுதான் அன்பு என்று நினைத்திருந்தேன்.

அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. நான் புதுச் சேலை வாங்கினால் நிறத்தையோ கரையையோ பார்க்க மாட்டார். துணியை இரண்டு கையாலும் பிடித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். நல்ல இறுக்கமான நெசவு என்பார், அதோடு சரி. "புடவைக்கடை முதலாளி" என்று வீட்டில் எல்லாரும் அவரைப் பகிடி பண்ணுவோம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

கழகத்தில் ஒரு போட்டி வந்தது. வீட்டிலும் பழக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இங்கே சொந்த வளவுக்குள் காற்றுத் துவக்குச் சுடலாம், ஆனால் குண்டு வேலியைத் தாண்டவே கூடாது. அதற்காக இலக்குக்குப் பின்னால் குண்டை வாங்கிக்கொள்ள ஒரு தடுப்பு வேண்டும். ஜெர்மன்காரர் குகல்பாங் என்பார்கள். கடையில் இரும்புப் பெட்டியாகவே கிடைக்கும், வாங்கிவிடு என்றார் பக்கத்து வீட்டம்மா. கணவர் ஒத்துக்கொள்ளவில்லை, தானே கட்டுகிறேன் என்றார்.

சுவரில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் நாளைக்கு என்பவர் இவர். அவரா இது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மண் வாங்கி வந்தார். கல் இருந்தால் குண்டு தெறித்துத் திரும்பும் என்று சல்லடையில் அரித்தார். பிறகு என்னிடம் பழைய சேலை கேட்டார். கடையில் மண்மூட்டைப் பை அடுக்கி வைத்திருக்கிறார்களே என்றேன். சேலைதான் நல்லது என்றார். கொடுத்த சேலைகளை அளவுகோல் வைக்காமலே வெட்டி, என் தையல் மெசினில் கடகடவென்று பை தைத்தார். அவருக்குத் தைக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மண் நிரப்பி, மூட்டைகளைச் செங்கல் அடுக்குவதுபோல இணை மாற்றி அடுக்கி, இரண்டு ஓரத்தையும் பின்பக்கமாக வளைத்து, நெஞ்சளவுக்குச் சுவர் எழுப்பினார். இதன் பின்னால் ஒரு குடும்பமே குந்தியிருக்கலாம் போல என்று பக்கத்து வீட்டம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார். அதை நான் தமிழில் சொன்னபோது கணவர் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டம்மாவும் வந்து என் அருகில் நின்றார். கடதாசி இலக்கை நடு மூட்டையில் குத்தியிருந்தோம். கணவர் ஒரு ஓரமாக நின்றார். முதல் குண்டு கிட்டத்தட்ட நடுவில் பட்டது. அந்தத் துளையால் மண் நூல்போல ஒழுகத் தொடங்கியதை நான் கவனிக்கவில்லை. குனிந்து அடுத்த குண்டைப் போட்டு, துவக்கைத் தூக்கிக் கன்னத்தில் வைத்து, மூச்சை விட்டேன்.

குறி பார்க்கும் வளையத்துக்குள் இலக்கைக் காணவில்லை. கணவர் போட்டிருந்த நீலச் சேட்டு நின்றது.

அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உள்ளங்கையால் அந்தத் துளையைப் பொத்திக்கொண்டு நின்றார். மூச்சு முழுக்கப் போன பிறகுதான் விரல் விசைக்குப் போக வேண்டும் என்று கழகத்தில் பழக்கியிருந்தார்கள். அந்த ஒரு மூச்சுத்தான் எங்களைக் காப்பாற்றியது. காற்றுத் துவக்குத்தானே என்று நினைக்காதீர்கள், பிடரியில் பட்டிருந்தால் பெரிய ஆபத்தாகியிருக்கும். துவக்கைத் தாழ்த்தினேன். பக்கத்து வீட்டம்மா அதை என் கையிலிருந்து வாங்கி, குண்டை வெளியே எடுத்தார்.

ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்துத் திருப்பினேன். என் கையால் சாகப் பார்த்தீர்களா என்று கத்தப்போனேன். உடம்புதான் திரும்பியது, கண் மூட்டையிலேயே இருந்தது. கையையும் அவர் துளையிலிருந்து எடுக்கவில்லை.

"மண் ஒழுகுது. விட்டா மேல் மூட்டை இறங்கிப்போம்," என்றார். பிறகு, மூட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வன்னியில பதுங்குகுழிக்கு அக்காதான் சீலை கிழிச்சு மூட்டை தைச்சவ. கடைசியா அவவின்ர கூறைச்சீலை. அதில ஒரு ஓட்டை விழுந்து மண் ஒழுகினது. போய்ப் பொத்தடா எண்டு சொன்னா. நான் பயத்தில எழும்பேல்லை. நீ இரு, நான் போறன் எண்டு அவ வெளியால போனா."

அவருக்கு ஒரு அக்கா இருந்தது தெரியும், சண்டையில் செத்தது தெரியும், எப்படி என்று அன்றுதான் தெரிந்தது. எங்கள் வீட்டுச் சுவரில் அவவின் கல்யாணப் படம் தொங்குகிறது, அந்தக் கூறையோடு. அந்தக் கூறை என்ன ஆனது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அங்கேயே அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் அழவில்லை. என்ன சொல்கிறார் என்று பக்கத்து வீட்டம்மா மெதுவாகக் கேட்டார். கூறைக்கு ஜெர்மனில் சொல் வரவில்லை. கல்யாண உடுப்பில் மூட்டை தைத்தார்களாம் என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மா சுவரை ஒருமுறை பார்த்துவிட்டு, துவக்கைப் பூட்டி வைக்க உள்ளே எடுத்துப் போனார்.

இப்போது நான் கழகத்தில் மட்டும்தான் சுடுகிறேன். மூட்டைகள் பின்வளவில் அப்படியே இருக்கின்றன. அந்தத் துளைக்கு அவர் அன்றைக்கே ஒட்டுப் போட்டுவிட்டார். கழற்றுவோமா என்று நான் கேட்கவில்லை, அவரும் கழற்றவில்லை.

போன மாதம் கோயில் திருவிழாவுக்கு ஒரு பட்டுச் சேலை வாங்கினேன். வழக்கம்போல் அவர் அதைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, இழுத்துப் பார்த்தார். பகிடி பண்ண இனி எனக்கு வாய் வராது. அவர் பார்த்து முடிக்கும்வரை மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.